பதினேழாம் பாத்தியின் நிழல்

கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷம், பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு அது வந்தது. சிப்பிக்காட்டு உப்பளத்தில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் எழுபத்திரண்டு பேர். பெண்கள் ஐம்பத்தெட்டு, ஆண்கள் பதினான்கு. கடல்தண்ணீர் ஏற்றி வைத்த தெப்பத்தில் ஆறு டிகிரி, பதினேழாம் பாத்தியில் இருபத்தைந்தரை டிகிரி, காற்று இல்லை. இவ்வளவும் மாசானமுத்துவின் நோட்டில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, அதே பென்சிலில், அதே அளவு எழுத்தில், "மேலே ஒரு குடை வந்து நிற்கிறது" என்றும் இருக்கிறது. அதை எழுதிவிட்டு அவர் பதினெட்டாம் பாத்திக்கு டிகிரி பார்க்கப் போய்விட்டார்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்து, இன்னும் காயவிடலாமா, இல்லை வாரலாமா என்று சொல்வதுதான் அவர் வேலை. மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வயது ஐம்பத்தாறு. யாரிடம் பேசும்போதும் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். அப்படி இருபத்தெட்டு வருஷம் தரையைப் பார்த்துப் பேசியதில், உப்பு அறுத்த அந்தக் கால்களை வைத்தே எழுபத்திரண்டு பேரையும் தெரிந்து வைத்திருந்தார், முகத்தை வைத்துக் கேட்டால் ஒன்றிரண்டு பேரிடம் தடுமாறிப்போவார்.

அவர் குடை என்று எழுதியது ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு பெரிய பாரசூட். அதன் கயிறுகளுக்குக் கீழே, கல்யாண வீட்டு அண்டா அளவுக்குப் பொன்னிறத்தில் ஒரு பாத்திரம் தொங்கியது. கடல் பக்கமிருந்து ஆடி ஆடி இறங்கி வந்த அது, தரைக்கு இரண்டு பனை உயரம் இருக்கும்போது, பதினேழாம் பாத்திக்கு நேர் மேலே, இறங்குவதை நிறுத்திக்கொண்டது. நிறுத்திக்கொண்டது என்றால் நிறுத்திக்கொண்டதுதான். அதன் பிறகு எண்ணூற்றெட்டு நாள் அது ஒரு சாண் இறங்கவுமில்லை, ஒரு சாண் ஏறவுமில்லை. வாருபலகையோடு நின்று நிமிர்ந்து பார்த்தவர்கள், அது விழும் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள், விழவில்லை என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு குனிந்து வாரத் தொடங்கினார்கள், ஏனென்றால் இருபத்தைந்தரையில் நிற்கிற உப்பு யாருக்காகவும் நிற்காது.

நிழலை முதலில் கண்டவள் ஞானப்பூ. உப்புப் பெட்டியைத் தலையில் வைத்து வரப்போடு போய்க்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் பாதம் குளிர்ந்தது போலிருக்க, நின்று கீழே பார்த்தாள். உப்பளத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. அங்கே மரம் நிற்காது, செடி முளைக்காது, முதலாளியின் ஆபீஸ் கொட்டகையைத் தவிரக் கூரை கிடையாது. மேலே ஒரு வெயில், கீழே உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் ஒன்று, நடுவில் மனுசருக்கு இருக்கிற நிழல் தன் காலடியில் தன்னுடையது மட்டும்தான், அதில் தானே உட்கார முடியாது. ஞானப்பூ பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவள் அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் வந்தவள் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் சண்டை நடந்தது. காலை ஒன்பது மணிக்குப் பதினைந்தாம் பாத்திப் பக்கம் விழுகிற நிழல், உச்சியில் பதினேழுக்கு வந்து, மதியத்துக்கு மேல் பத்தொன்பதுக்குப் போகும்; அந்தப் பாத்திகளில் வேலை இருந்தவர்கள் அதைத் தங்கள் நிழல் என்றார்கள், தள்ளி இருந்தவர்கள் வானத்தில் நிற்பது யார் அப்பன் வீட்டுக் குடை என்றார்கள், இரண்டு பெண்கள் வாருபலகையால் அடித்துக்கொண்டதில் ஒருத்திக்குப் புருவம் கிழிந்தது. கண்டிராக்டர் அருணகிரி, அளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற முதலாளி, யாரும் உட்காரக்கூடாது என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் உட்கார்ந்து எழுந்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு வரி கூடுதலாக வாருகிறார்கள் என்று மாசானமுத்துவின் நோட்டில் கண்ட பிறகு, ஆளுக்குக் கால் மணி, முறை வைத்து, அதையும் மாசானமுத்துவே பார்த்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவிவிட்டார்.

மாசானமுத்து நிழலைத் தப்படியால் அளந்தார். குறுக்கே பத்துத் தப்படி. காலை நீட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் உட்காரலாம். எழுபத்திரண்டு பேருக்கு ஆறு முறை. காலையில் ஒரு சுற்று, பதினொன்றே காலுக்கு ஒரு சுற்று. கைக்கடிகாரம் முதலாளியிடம் மட்டும்தான் இருந்தது, அவர் அதைக் கழற்றித் தரப்போவதில்லை. அதனால் மாசானமுத்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, கழியில் தொங்கவிட்டு, கால் மணிக்கு எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது என்று முதலாளி கடிகாரத்தோடு நான்கு தடவை சரிபார்த்து, உள்ளே ஆணியால் கோடு கிழித்துக்கொண்டார். கடைசிச் சொட்டு விழுந்ததும் தண்டவாளத் துண்டில் ஒரு தட்டு. தட்டுச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு பேர் எழுந்திருக்க வேண்டும், பன்னிரண்டு பேர் வர வேண்டும். குடிக்கிற தண்ணீர் ஒன்றரை மைல் தூரத்திலிருந்து வண்டியில் வந்ததால் அதை டப்பாவில் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. பாத்தித் தண்ணீரையே மோந்து ஊற்றினார்.

தன் மனைவி செல்லக்கனியை அவர் ஆறாவது முறையில் போட்டார், யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

செல்லக்கனிக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, முதலில் தண்ணீர் வடிந்தது, பிறகு எரிந்தது, பிறகு எதிரில் இருப்பதெல்லாம் உப்பாகவே தெரிய ஆரம்பித்தது. டவுன் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வெள்ளையைப் பார்க்காதீங்க என்று சொல்லி அனுப்பினார். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டாள். அரை மணியில் அதன்மேலும் உப்பு பூத்துவிடும், துடைத்துத் துடைத்துக் கண்ணாடியே வெள்ளையாகிப் போனது. வேலையை விடு என்று மாசானமுத்து சொல்லவில்லை, அவளும் விடுகிறேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் இரண்டு பேரும் இறங்கினால்தான் அந்த வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு முற்றத்தில் அவளை நிற்க வைத்து, விரல்களை நீட்டிக்கொண்டு பின்னால் பின்னால் நடப்பார், எத்தனை தப்படிவரை அவளால் விரலை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். குடைக்கு முந்தின வருஷப் பொங்கலுக்கு ஏழு தப்படி. ஆடிக்கு ஆறு. தையில் ஐந்து. குடை வந்த மாதம் நான்கு. அதன் பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு கால் மணி அந்த நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்து எழுந்ததில், எண்ணிக்கை நான்கிலேயே நின்றது. இறங்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், முதலாளி பார்க்காத பக்கத்தில், நான்கு நான்கு நான்கு என்று ஞாயிற்றுக்கிழமைகள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன.

மழை மாதங்களில் அளம் மூடியபோது அது தனியாக நின்று நனைந்தது. தை பிறந்து ஆட்கள் திரும்பி வந்தபோது, உச்சியில் இரண்டு காக்கைக் கூடு இருந்தது, மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. போலீஸ் வந்தது, தாலுகா ஆபீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. பனையேறி ஒருவரைக் கொண்டு கயிறு வீசி அந்தப் பாத்திரத்தின் வளையத்தில் மாட்டி, பத்து ஆண்கள் தொங்கிப் பார்த்தார்கள். பத்துப் பேரும் தரையைவிட்டு எழும்பினார்களே தவிர அது இறங்கவில்லை. கோவில் பூசாரி வந்து, விருந்தாளியை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டு, இறங்கி வா இறங்கி வா என்று மூன்று நாள் சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கு விருப்பமில்லை என்று போய்விட்டார். ஆபீஸிலிருந்து ஆபீஸுக்குக் கடிதம் போனது. இது எங்களுடையது என்று ஒத்துக்கொள்ள உலகத்தில் ஒரு தேசமும் முன்வரவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன கயிற்றின் நுனியில் ஞானப்பூ தன் கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டினாள். இரண்டு பனை நீளக் கயிறு. ஒரு தடவை ஆட்டிவிட்டால் கால் மணி முறை முழுக்கத் தானாக ஆடும், அந்தப் பிள்ளை அழுது யாரும் கேட்டதில்லை.

சனங்கள் காலத்தையே அதை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். குடைக்கு முந்தின வருஷம் கல்யாணம், குடைக்குப் பிந்தின வருஷம் பிரசவம். நீ எத்தனாவது நிழல் என்று கேட்டுத்தான் சம்பந்தம் பேசினார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு காரியம் நடந்தது. டவுன் பஞ்சாலையில் மதியம் ஒரு மணிக்குச் சங்கு ஊதும். ஆறாவது முறை முடிந்து, தண்டவாளத்தில் தட்டி, கழியை எடுத்து வைத்த பிறகுதான் அது ஊதுவது வழக்கம். சித்திரையில் ஒரு நாள், டப்பாவில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே ஊதியது. மறுநாளும். பதினொரு நாள் மாசானமுத்து, பஞ்சாலைக்காரர்கள் சங்கை முந்தி ஊதுகிறார்கள் என்று நோட்டில் எழுதினார். இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் இப்படிக் கவனமில்லாமல் இருக்கிறார்களே என்று அவருக்கு வருத்தமாகவும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றி உப்பு பூத்திருந்தது. பாத்தித் தண்ணீர் சொட்டச் சொட்ட, காற்றுப் படப்பட, ஒவ்வொரு முறைக்கும் ஓட்டை ஒரு மயிரிழை சுருங்கியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக உப்பு எங்கே எப்போது பூக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஆள், தன் கையில் இருந்த ஓட்டையில் பூத்ததைப் பார்க்கவில்லை. முதலாளி கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தபோது, முதல் முறை பதினைந்து நிமிஷம், ஆறாவது முறை இருபத்தேழு. ஆறாவது முறை செல்லக்கனியுடையது.

அவர் தண்டவாளத்தை ஒன்பது தடவை தட்டி எல்லாரையும் வரவழைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, எழுபத்திரண்டு ஜோடிக் கால்களிடம், எத்தனை நாள், எத்தனை நிமிஷம் என்று கணக்காகச் சொன்னார். காதெல்லாம் சிவந்து போயிருந்தது.

"இம்புட்டுத்தானா" என்றாள் ஞானப்பூ. "நீங்க பொண்டாட்டியைக் கடைசியில தள்ளினது உப்புக்கே பொறுக்கலை அண்ணாச்சி."

கால்கள் எல்லாம் சிரித்துக் குலுங்கின. அன்றிலிருந்து அவர் சட்டையில் ஒரு ஊசி குத்தியிருந்தது. ஒவ்வொரு முறை முடிந்ததும் ஓட்டையைக் குத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த தண்ணீர். செல்லக்கனியின் முறை திரும்பவும் பதினைந்து நிமிஷமானது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு நான்காகவே இருந்தது, ஆனால் அவள் விரலை எண்ண முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்குள் முதலாளி ஒரு குறை கண்டுபிடித்திருந்தார். நிழல் போய்வருகிற பாத்திகளில் உப்பு பொடியாக இருக்கிறது, பூப்பதற்கு ஒரு நாள் பிந்துகிறது. "என்னவே மாசானம், அந்த அஞ்சு பாத்தியில டிகிரி எப்படி?" என்று கேட்டார். அரை டிகிரி குறைவு என்று மாசானமுத்து சொன்னார், அரை டிகிரி குறைவாக இருந்தபடியால். அதை வைத்து முதலாளி ஒரு மனு எழுதினார். முன்னே போன கடிதங்களுக்கெல்லாம் பதில் வரவில்லை. இந்த மனு எந்த மேஜைக்குப் போய் எந்தக் கடலைத் தாண்டியதோ, மூன்றாம் வருஷம் வைகாசியில் ஒரு ஜீப்பில் ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார்.

கன்னமெல்லாம் வெயிலில் வெந்து சிவந்த, களைத்த மனிதர். கூடவே துறைமுகத்து ஆபீஸ் கிளார்க் லாசர், பேச்சை மாற்றிச் சொல்ல. வெள்ளைக்காரர் குடையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொலைந்த மாட்டை மூன்று வருஷம் கழித்து அடுத்த ஊர்த் தொழுவத்தில் கண்டவர் போல நின்றார். அவர் சொன்னதும், சொல்லாததை லாசர் ஊகித்ததுமாகச் சேர்த்து, உப்பளத்துக்குப் புரிந்தது இது: வானத்துக்கு மேலே ஒரு கேமரா பூமியைச் சுற்றி வருகிறது. அது பிறத்தியார் நாட்டு மேலெல்லாம் போய்த் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கிறது. எடுத்த பிலிம் சுருளை அந்தப் பாத்திரத்தில் வைத்துக் கீழே போடுகிறது. கீழே வரும்போது, தரையைத் தொடுவதற்குள், ஒரு விமானம் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு போய்விடும். இது தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

கடலில் விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டார்கள்.

"ரெண்டு நாள் மிதக்குமாம்" என்றார் லாசர். "அடியில ஒரு ஓட்டை வச்சு, அதை உப்புக் கட்டியால அடைச்சிருக்கு. ரெண்டு நாளைக்குள்ள எடுத்துட்டா ஆச்சு. இல்லைன்னா உப்பு கரைஞ்சு தண்ணி ஏறி மூழ்கிப் போகும், வேற யாரு கையிலயும் சிக்காது."

பிறகு மாசானமுத்து, வருஷத்துக்கு ஒரு தடவைதான் தானாகப் பேசுகிறவர், வெள்ளைக்காரரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எத்தனை டிகிரித் தண்ணியில ரெண்டு நாள்?"

லாசர் மாற்றிச் சொன்னார். வெள்ளைக்காரர் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பவும் சொன்னார். இங்கே இந்தப் பாத்தியில் விழுந்திருந்தால் உங்கள் உப்பு கரையாது, இருபத்தைந்து டிகிரியில் உப்பு உப்பைக் கரைக்காது, மேலே இன்னும் பூக்கத்தான் செய்யும், உலகம் முடிகிறவரைக்கும் மிதந்துகொண்டே இருக்கும் என்று மாசானமுத்து தரையிடம் சொன்னார். வெள்ளைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அவர் எழுத்தும் சின்னதாக, வரி பிசகாமல் இருந்தது. மாசானமுத்து அதைக் கவனித்தார்.

"நாங்க அதுல இருக்கோமான்னு கேளுங்க" என்றாள் ஞானப்பூ. லாசர் கேட்டுவிட்டு, இந்தப் பக்கம் எடுத்திருந்தால் உப்பு அம்பாரம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியலாம், ஆள் தெரியாது என்கிறார் என்றார்.

"அதுக்கு எதுக்கு வானத்துக்குப் போகணும்" என்றாள் அவள். "நம்ம முதலாளி கொட்டகையிலிருந்து பார்த்தாலே அப்படித்தான தெரியும்."

விமானம் வரும், கொக்கி போடும், வெள்ளிக்கிழமை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். குடை எப்போதும் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு பனை உயரத்தில் பறந்து வந்து பிடிப்பதற்கு அது அசையாமல் நிற்க வேண்டும், காற்றும் திரும்பக் கூடாது. கரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று எழுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு, அது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று அந்த வட்டாரத்தில் எழுதி வைத்திருக்கிறவர் ஒரே ஒரு ஆள்தான். மூன்று வருஷத்து நோட்டுகள் அவரிடம் இருந்தன. நாளை மறுநாள் வந்து கேட்டுக்கொள்கிறோம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார் லாசர். ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்து, தணிந்த குரலில், விமானத்தில் பதினொரு பேர் வருகிறார்கள் அண்ணாச்சி, தாழப் பறக்கும்போது காற்று திரும்பினால் மேலே எழும்ப முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். பெண்கள் ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்த இரண்டு நாளும் கால்கள் அவரைக் கடக்கும்போது மெதுவாகக் கடந்தன. ஒரு மணி தள்ளிச் சொன்னால் போதும். கொக்கி தப்பும், விமானம் போய்விடும், மறுபடி கடிதம், மறுபடி மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் நூற்றைம்பது ஞாயிற்றுக்கிழமை. நூற்றைம்பது நான்குகள். பதினொரு பேர் என்று லாசர் சொல்லாமலிருந்தால், ஒரு வேளை, அந்த ஒரே ஒரு எண்ணை அவர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொன்ன பிறகு அந்தப் பதினொன்று அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினொரு ஜோடிக் கால்கள், பூட்ஸ் போட்டவை, அவற்றில் எது யாருடையது என்றுகூட அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம், செல்லக்கனி முற்றத்தில் கஞ்சிப்பானையைத் தடவி மூடிக்கொண்டே கேட்டாள், "நாளைக்குத்தான கேக்க வருதாவ?"

"ஆமா."

"சரியான நேரம் எது?"

"ஒன்பது இருபது. பத்து வரைக்கும் காத்து எந்திரிக்காது."

அவள் அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "அதையே சொல்லிருங்க. தப்பாச் சொன்னீயன்னா, பிறகு அந்த நிழல்ல என்னால கண்ணை மூடி உட்கார முடியாது."

வெள்ளிக்கிழமை காலையில் ஞானப்பூ தொட்டிலை அவிழ்த்தாள். முடிச்சு உப்பேறிக் கல்லாகிக் கிடந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒன்பது இருபதுக்குக் குடை ஆடுவதை நிறுத்தியது. ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கடல் பக்கமிருந்து விமானம் வந்தது, வால் பக்கம் இரண்டு கழியும் நடுவில் கயிறும் கொக்கியுமாக, தூண்டில் போடுகிற மாதிரி. பெரிய சத்தம், உப்புத் தண்ணீரெல்லாம் ஒரு திசையில் சுருங்கியது. ஆரஞ்சும் வெள்ளையும் ஒரு நொடியில் கசங்கி, பிழிந்த துணி போல அதன் பின்னால் நீண்டு, காக்கைகள் கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே போய்த் திரும்பி வந்தன. பத்து ஆள் தொங்கியும் இறங்காதது அவ்வளவு லேசாகப் போனது. வெள்ளைக்காரர் வந்து மாசானமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார், பிறகு விட்டார். பதினேழாம் பாத்தி வெயிலில் பளீரென்று கிடந்தது. நோட்டில் அன்றைக்கு, "குடை இல்லை, காற்று இல்லை, பதினொரு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்" என்றிருக்கிறது.

மூன்று நாள் வேலையில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. ஒன்பது மணிக்கு யாரும் பெட்டியை இறக்கவில்லை. டப்பா கழியில் அடியில் கொஞ்சம் தண்ணீரோடு அப்படியே தொங்கிக் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை செல்லக்கனி முற்றத்தில் நின்றாள். அவர் விரலை நீட்டிக்கொண்டு மூன்று தப்படிதான் போனார், நான்காவதைப் போட அவருக்குக் கால் வரவில்லை.

நான்காம் நாள், காலை ஒன்பது மணிக்கு, ஞானப்பூ பெட்டியை இறக்கி வைத்தாள். வைகாசியில் ஒன்பது மணிக்கு நிழல் எங்கே விழுமோ, பதினைந்தாம் பாத்தியின் வரப்பில், அந்த இடத்துக்குச் சரியாகப் போய், முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவள் முறைக்காரர்கள் பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, எப்போதும் உட்காருகிற வட்டத்தில், எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்கள்.

முதலாளி கொட்டகையிலிருந்து இறங்கி வந்தார். "வெயில்ல எதுக்கும்மா உட்கார்ந்திருக்கிய? நிழல்தான் போயிட்டுல்லா?"

"நிழல்தான போச்சு முதலாளி" என்றாள் ஞானப்பூ, முந்தானைக்குள்ளிருந்து. "முறை எங்க போச்சு?"

அவர் மாசானமுத்துவைப் பார்த்தார். நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். நிழல் விழுகிற ஐந்து பாத்தியில் அரை டிகிரி குறைவு என்று எழுதிய இடம் இருந்தது. வெயிலில் உட்கார்ந்தால் எத்தனை டிகிரி குறையும் என்று எழுதிய இடம் இல்லை. உட்கார்ந்து எழுந்தவர்கள் இரண்டு வரி கூடுதலாக வாருகிறார்கள் என்று, மூன்று வருஷத்துக்கு முன் எழுதியது இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போனார்.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள் ஞானப்பூ. நான்கு நாளில் அவர் காதில் விழுந்த முதல் அண்ணாச்சி. "டப்பாவுல தண்ணி ஊத்தலையா? பிறகு கூடுதலா உட்கார்ந்துட்டோம்னு எங்களைச் சொல்லக்கூடாது பாத்துக்கிடுங்க."

அவர் கோடுவரை மோந்து ஊற்றினார்.

முறைகள் நடந்தன. கடைசிச் சொட்டு, தண்டவாளத்தில் ஒரு தட்டு, பன்னிரண்டு பேர் எழுந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெயிலுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, அது எல்லார்மேலும் விழுந்துகொண்டுதான் இருந்தது; ஆனால் குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது, மூடிய கண் மூடியிருந்தது. இரண்டாம் சுற்றில் ஆறாவது முறைக்குச் செல்லக்கனி வரப்பைக் காலால் தடவித் தடவி வந்தாள். இடது கால் சுண்டுவிரல் வெடித்த பாதம். பதினேழாம் பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை முகம் முழுக்க இறக்கிக்கொண்டாள்.

சட்டையில் ஊசி குத்தியிருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அவர் அதை எடுக்கவில்லை. டப்பாவின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம் பூத்து, சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. வெள்ளைக்காரர்களுடைய உப்பு இரண்டு நாளில் கரைகிற உப்பு. இது வளர்கிற உப்பு. பஞ்சாலையில் ஒரு மணிச் சங்கு ஊதியது. அவர் ஊசியைத் தொட்டார், உருவினார், அதன் முனையைப் பார்த்தார், திரும்பவும் சட்டையிலேயே குத்திக்கொண்டார். நோட்டை விரித்து, ஆறாம் முறை என்று எழுதி, பக்கத்தில் எண் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மூடினார்.

பிறகு தண்டவாளத் துண்டின் பக்கத்தில், தட்டுவதற்கு இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு, டப்பாவைப் பார்த்தபடி நின்றார். கடைசிச் சொட்டு ஓட்டையின் வாய்க்கு வந்து, உருண்டு திரண்டு, வெயிலில் பொன்னிறமாக மின்னிக்கொண்டு, அங்கேயே நின்றது. விழவில்லை.